அரண்மனைத் தோட்ட விருந்து: எங்கள் சங்கத்துப் பெரியவருக்குத் துணையாகப் போகிறேன், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

#1 உறையூர்க்காரி

எல்லோருக்கும் வணக்கம். நான் பிரிட்டிஷ் ராணுவத்தில் ஒன்பது ஆண்டு செவிலியராக இருந்தவள். அதில் சில மாதங்கள் ஆப்கானிஸ்தானில், கேம்ப் பாஸ்டியன் மருத்துவமனையில். இப்போது மிட்லாண்ட்ஸில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறேன். இங்குள்ள முன்னாள் படைவீரர் சங்கத்தில் உறுப்பினர். உடம்புக்கு முடியாத உறுப்பினர்களை வீட்டுக்குப் போய்ப் பார்த்து வருவது என் பொறுப்பு.

எங்கள் சங்கத்தில் 89 வயதுப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கட்டாய ராணுவ சேவைக் காலத்தில், 18 வயதில், மலாயாவுக்கு அனுப்பப்பட்டவர். திரும்பி வந்து தச்சு வேலை பார்த்தார். நவம்பர் மாதம் வந்தால், போரில் இறந்தவர்கள் நினைவாகச் சட்டையில் குத்திக்கொள்ளும் பாப்பிப் பூத் தட்டோடு கடைத்தெருவில் உண்டியல் ஏந்தி நிற்பார். மழை, குளிர் பார்த்ததில்லை. ஐம்பது ஆண்டுக்கு மேல் இப்படி நின்றிருக்கிறார். சங்கம் இந்த முறை அவர் பெயரைப் பரிந்துரைத்தது. போன வாரம் பக்கிங்ஹாம் அரண்மனையிலிருந்து உறை வந்துவிட்டது. மன்னரின் ஆணைப்படி லார்ட் சேம்பர்லின் (அரண்மனை நிர்வாகத்தின் தலைவர்) அழைக்கிறார் என்று எழுதிய கெட்டி அட்டை. அவர் மனைவி இறந்து ஆறு ஆண்டு ஆகிறது. துணைக்கு வருபவர் பெயர் கேட்டபோது என் பெயரைக் கொடுத்திருக்கிறார். எனக்குச் சொல்லவே இல்லை.

கேள்விகள்: சேலை கட்டிப் போகலாமா? அவருக்குக் கொஞ்சம் நடக்க முடியும், ஆனால் சக்கர நாற்காலி வேண்டும், புல்தரையில் தள்ள முடியுமா? நான் சைவம், சாப்பிட ஏதாவது இருக்குமா? போய் வந்தவர்கள் சொன்னால் அவரைத் தயார் செய்ய வசதியாக இருக்கும். தினமும் ஒருமுறை போன் செய்து கேட்கிறார்.

#2 ஹாரோ மங்கை

மனமார்ந்த வாழ்த்து! நான் ஒரு தொண்டு நிறுவனத்தின் சார்பில் போயிருக்கிறேன். தெரிந்ததை எல்லாம் சொல்கிறேன்.

சேலை தாராளமாகக் கட்டலாம். ஆண்களுக்கு மார்னிங் கோட் அல்லது சாதாரண சூட், பெண்களுக்குப் பகல்நேர உடையும் பெரும்பாலும் தொப்பியும். ஆனால் தேசிய உடை, சீருடை இரண்டையும் அவர்களே வரவேற்கிறார்கள். நான் போனபோது கானா நாட்டுக் கென்டே துணி போர்த்தியவர்கள், கில்ட் கட்டியவர்கள், செல்சி பென்ஷனர்கள் என்ற முதிய முன்னாள் சிப்பாய்களின் சிவப்புக் கோட்டு எல்லாம் பார்த்தேன். பட்டு வேண்டாம், மே மாத மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. குச்சிக் குதிகால் செருப்பு வேண்டவே வேண்டாம். புல்லில் இறங்கிவிடும். எனக்கு நேர்ந்தது.

வாசல் 3 மணிக்குத் திறக்கும். உள்ளே போக மூன்று வழி உண்டு: அரண்மனையின் முகப்பு, ஹைட் பார்க் கார்னர் பக்கம், கிராவ்னர் பிளேஸ் பக்கம். முகப்பு வழியாகப் போனால் அரண்மனைக்குள் நடந்து பின்பக்கப் படிகளில் இறங்கலாம். படி கஷ்டம் என்றால் மற்ற வாசல்கள். சக்கர நாற்காலியில் வருபவர்கள் நிறையப் பேர். ஆளுக்கு ஆள் ஓடி வந்து உதவுவார்கள், கவலைப்படாதீர்கள். அழைப்பு அட்டையையும் புகைப்படம் உள்ள அடையாளச் சான்றையும் மறக்காதீர்கள். உறையில் வரும் தாள்கள் எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

4 மணிக்கு மன்னரும் அரச குடும்பத்தாரும் மேல்தளத்துக்கு வருவார்கள், தேசிய கீதம் வாசிப்பார்கள். அதன்பின் கூட்டத்தில் வழிகள் பிரிப்பார்கள். 6 மணிக்கு முடிந்துவிடும்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. வெள்ளரிக்காய் சாண்ட்விச், முட்டை சாண்ட்விச், கேக் வகைகள், தேநீர், ஐஸ் காபி. மது கிடையாது. ஒரு விருந்துக்கு 8,000 பேர் அளவில் வருகிறார்கள். ஒரே மாலையில் 27,000 கோப்பைத் தேநீர், 20,000 சாண்ட்விச், 20,000 கேக் துண்டு போகுமாம். பரிமாற மட்டும் 400 பேர். நம் ஊர்க் கல்யாண வீட்டில் பந்தி பார்த்துப் பழகியவளுக்கே மலைப்பாக இருந்தது.

#3 கோவென்ட்ரி பையன்

நாமே விண்ணப்பம் போட்டுப் போக முடியாதா? என் அப்பாவைக் கூட்டிப் போக ஆசை.

#4 ஹாரோ மங்கை

முடியாது தம்பி. யாராவது பரிந்துரைக்க வேண்டும். அந்தந்த வட்டாரத்தில் மன்னரின் பிரதிநிதியான லார்ட் லெப்டினன்ட் அலுவலகம், அரசுத் துறைகள், முப்படைகள், தொண்டு அமைப்புகள், சங்கங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அப்பா ஊருக்கு ஏதாவது செய்திருந்தால் அவரோடு வேலை செய்தவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. விக்டோரியா ராணி 1860களில் தொடங்கியபோது பெரிய மனிதர்களுக்கு மட்டும்தான். பிரபு குடும்பத்துப் பெண்களை அரசியின் முன் கொண்டுவந்து நிறுத்தி வணங்கச் செய்யும் வழக்கம் ஒன்று இருந்தது, அதை 1958 இல் நிறுத்தினார்கள். அந்தக் காலத்தில்தான் தோட்ட விருந்துகளின் எண்ணிக்கையைக் கூட்டி, பொதுச் சேவை செய்தவர்களை அழைக்கும் நிகழ்ச்சியாக மாற்றினார்கள். எடின்பரோவில் ஹாலிரூட் அரண்மனையிலும் ஒன்று நடக்கும், ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள் அங்கே போவார்கள்.

போரில் காயப்பட்டவர்களுக்கென்று பக்கிங்ஹாம் அரண்மனைத் தோட்டத்தில் தனியாக ஒரு விருந்தும் உண்டு. முதல் உலகப் போர் முடிந்து, கை கால் இழந்தவர்கள் மருத்துவமனைகளில் கேட்பாரற்றுக் கிடப்பதைப் பார்த்த மார்த்தா கன்னிங்காம் என்ற பாடகி 1920 இல் தொடங்கிய அமைப்பு அதை நடத்துகிறது. 'மறக்கப்படாதவர்கள்' என்பதுதான் அந்த அமைப்பின் பெயரே.

#5 பழைய பட்டாளத்தான்

வேலூர் மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். மெட்ராஸ் ரெஜிமென்ட், 24 வருட சர்வீஸ், ஹவில்தாராக ஓய்வு. எங்கள் பக்கத்தில் கம்மவான்பேட்டை என்று ஒரு ஊர் இருக்கிறது. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்குப் போனதால் ராணுவப்பேட்டை என்றே பெயர் வந்துவிட்டது. அதனால் இந்த இழையைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது.

இங்கேயும் குடியரசு தினத்தன்றும் சுதந்திர தினத்தன்றும் ஆளுநர் மாளிகையில் தேநீர் விருந்து நடக்கும். ஜனவரி 14 முன்னாள் படைவீரர் தினம், ஜெனரல் கரியப்பா ஓய்வு பெற்ற நாள். ஒருமுறை அந்த நாளில் ஒரு கூட்டத்துக்குப் போனேன். சால்வை, டீ, பிஸ்கெட். ஆனால் எனக்கு இன்றுவரை நினைவிருப்பது, வாசலில் நின்ற இளம் சிப்பாய் என் கோட்டில் குத்தியிருந்த ரெஜிமென்ட் சின்னத்தைப் பார்த்து விறைத்து நின்று சல்யூட் வைத்ததுதான். பெரியவருக்கும் அப்படி ஒன்று கிடைக்க வேண்டும்.

தங்கச்சி, பட்டாளத்துக்காரர்களைப் பொறுத்தவரை ஒன்று சொல்கிறேன். அவர் தைரியமாகப் பேசினாலும் முதல்நாள் இரவு தூங்க மாட்டார். மாத்திரை டப்பாவை நீ வாங்கி வைத்துக்கொள்.

#6 ஈப்போ வாசன்

நான் பேராக் மாநிலத்துத் தமிழன். இழையின் தலைப்பைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றுவிட்டேன். எங்களுக்குத் தோட்டம் என்றால் பால்மரத் தோட்டம்தான், அதாவது ரப்பர். என் பாட்டி, தாத்தா, அப்பா எல்லோரும் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்து பால்மரம் சீவியவர்கள்.

சகோதரி, உங்கள் பெரியவரைப் பற்றிக் குறைவாகப் பேச வரவில்லை. 18 வயதுப் பையனைக் கப்பலில் ஏற்றி அனுப்பினால் அவன் என்ன செய்வான். ஆனால் 'மலாயாவில் சேவை' என்று இங்கே வாழ்த்து மேல் வாழ்த்தாகப் போவதைப் பார்த்துப் பேசாமல் இருக்க முடியவில்லை. 1948 ஜூனில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்கள் கொல்லப்பட்டதில், கம்யூனிஸ்ட் போராளிகளை ஒடுக்கப் பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் தொடங்கியது, 1960 வரை போனது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் எங்கள் ஆட்கள் பட்டதை யாரும் பெரிதாக எழுதவில்லை. மலாயா தொழிற்சங்கங்களின் கூட்டமைப்புக்குத் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதியை, கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்று சொல்லி, 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். 1948 டிசம்பரில் பத்தாங் காலியில் 24 சீனத் தோட்டத் தொழிலாளர்களைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றார்கள். எந்த அரண்மனைத் தோட்டத்தில் அவர்கள் பெயரைச் சொல்லுவார்கள்?

#7 கோவென்ட்ரி பையன்

வாசன் அண்ணா, கணபதி பெயரை இப்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறேன். பள்ளியில் ஒரு வரிகூடச் சொல்லித் தரவில்லை.

#8 உறையூர்க்காரி

வாசன் அண்ணா, நீங்கள் எழுதியதற்கு நன்றி. மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

அவரை நான் நான்கு ஆண்டாக வாரம் ஒருமுறை பார்க்கிறேன். மலாயாவைப் பற்றி அவர் பேசியது மிகக் குறைவு. வெயில், அட்டை, கால்புண், சிகரெட் நனைந்து போவது, இவ்வளவுதான். அவரோடு ஒரே ரயிலில் ஏறிய நண்பர் ஒருவர் அங்கேயே இறந்து அங்கேயே புதைக்கப்பட்டிருக்கிறார் என்று தெரியும். அதற்கு மேல் நான் தோண்டியதில்லை. செவிலியருக்கு அது ஒரு பழக்கம், அவர்களாகச் சொல்லும்வரை காத்திருப்போம்.

விருந்து என்பது அவர் அங்கே போய்ச் செய்ததற்கான பரிசு இல்லை. திரும்பி வந்தபின் ஐம்பது ஆண்டு தெருவில் நின்றதற்காக. அந்த உண்டியலில் விழுந்த காசில்தான் எங்கள் ஊரில் சக்கர நாற்காலி வந்தது, வாடகை கட்ட முடியாத இளம் சிப்பாய்க்கு உதவி வந்தது. அதனால் நான் மகிழ்ச்சியோடுதான் போகிறேன். நீங்கள் சொன்ன பெயர்களையும் எடுத்துக்கொண்டுதான் போவேன். ஒன்றை மறந்தால்தான் மற்றதைச் செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

#9 யாழ் பனை

உறையூர் அக்கா, ஒரு வேண்டுகோள். ஹைட் பார்க் கார்னர் வாசலால் உள்ளே போங்கோ. கொஞ்சம் முன்னரே போய், கான்ஸ்டிடியூஷன் ஹில் வீதி தொடங்குகிற இடத்தில் நிற்கிற நினைவு வாயில் தூண்களைப் பாருங்கோ. அரண்மனைத் தோட்டத்து மதிலுக்குப் பக்கத்திலேயேதான். 2002 நவம்பரில் எலிசபெத் அரசி திறந்து வைத்தவ. இந்தியத் துணைக்கண்டம், ஆப்பிரிக்கா, கரீபியன் நாடுகளில் இருந்து இரண்டு உலகப் போரிலும் தாமாக முன்வந்து சேர்ந்த ஐம்பது லட்சம் பேருக்காக எழுப்பினது. பக்கத்தில் ஒரு சிறிய மண்டபம், அதன் உட்கூரையில் விக்டோரியா கிராஸ், ஜார்ஜ் கிராஸ் எண்ட உயர்ந்த வீரப் பதக்கங்கள் பெற்றவர்களின் பெயர்கள் இருக்கு.

என்ர அப்பப்பா 1942 ஏப்ரல் 9 அன்று திருகோணமலைத் துறைமுகத்தில் வேலையில் இருந்தவர், ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட நாள். உயிரோட திரும்பினார், ஆனால் ஒரு காது கடைசிவரை கேட்கவில்லை. அவருக்கு ஒரு பதக்கமும் இல்லை, கடதாசியும் இல்லை. லண்டன் வந்த பிறகு அந்தத் தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றால் எனக்கு அவரோட கதைச்சது போல இருக்கும்.

#10 பழைய பட்டாளத்தான்

யாழ் பனை தம்பி சொன்ன ஜார்ஜ் கிராஸ் பற்றி ஒரு வார்த்தை. அதை வாங்கிய முதல் இந்தியர் நம்ம காஞ்சிபுரம் பக்கத்துக் கீழ் ஒட்டிவாக்கத்துக்காரர், சுபேதார் சுப்ரமணியன், மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படை. 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிக்னானோ என்ற இடம். கண்ணிவெடி அகற்றப் போன குழு. முன்னால் போனவர் காலடியில் ஒரு வெடி முடுக்கப்பட்டுவிட்டது. வெடிப்பதற்குச் சில நொடிதான் இருக்கும். சுப்ரமணியன் பாய்ந்து அதன்மேல் படுத்துவிட்டார். மற்றவர்கள் பிழைத்தார்கள்.

எங்கள் ரெஜிமென்ட்டில் ரிக்ரூட்டுகளுக்கு இதைச் சொல்லும்போது ஒருத்தனும் இருமக்கூட மாட்டான்.

#11 ஹாரோ மங்கை

உறையூர்க்காரி, போய் வந்ததும் எழுதாமல் விட்டுவிடாதீர்கள்.

#12 உறையூர்க்காரி

போய் வந்து ஐந்து நாள் ஆகிறது. உடனே எழுத முடியவில்லை. நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டாளத்து அண்ணன் சொன்னது அப்படியே நடந்தது. அவர் இரவு முழுக்கத் தூங்கவில்லை. காலை 6 மணிக்கு நான் போனபோது ஷூ பாலிஷ் போட்டு, சங்கத்துப் பிளேசரும் டையும் மாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாத்திரை டப்பாவை வாங்கிக்கொண்டேன். நான் உறையூர்ப் பருத்திச் சேலை கட்டியிருந்தேன், அம்மா போன பொங்கலுக்கு அனுப்பியது. கட்டைக் குதி செருப்பு. ரயிலில் யூஸ்டன், அங்கிருந்து டாக்ஸி.

யாழ் பனை தம்பிக்காக முதலில் நினைவு வாயிலுக்குப் போனோம். நாற்காலியைத் தூண் அருகில் நிறுத்தச் சொன்னார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதியிருந்ததை எல்லாம் வாய்விட்டுப் படித்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எத்தனையோ முறை லண்டன் வந்திருக்கிறாராம், இந்தப் பக்கம் வந்ததே இல்லையாம். நான் மண்டபத்துக்குள் போய் அண்ணாந்து பார்த்தேன். சுபேதார் சுப்ரமணியன் கதையை அவருக்குச் சொன்னேன். எத்தனை வயது என்று மட்டும் கேட்டார்.

உள்ளே போனதும் தோட்டத்தின் பரப்பு ஆளை அடித்துவிடுகிறது. லண்டனின் நடுவில் 39 ஏக்கர். ஏரி, பூப்பாத்தி, இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கும் வாட்டர்லூ பளிங்குச் சாடி. நெப்போலியன் தன் வெற்றிகளைச் செதுக்கிக்கொள்வதற்காக ஒதுக்கி வைத்த கல்லாம் அது, கடைசியில் அவன் தோற்ற போரின் பெயரில் இங்கே வந்து நிற்கிறது. பெரியவருக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. புல்லைத்தான் பார்த்தார். குனிந்து தடவிப் பார்த்து, யார் இதை வெட்டுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு ராணுவ இசைக்குழுக்கள் மாறி மாறி வாசித்தன. மெட்டு மாறும்போதெல்லாம் அவர் விரல் நாற்காலிக் கையில் தாளம் போட்டது.

4 மணிக்குத் தேசிய கீதம் தொடங்கியது. நான் கை நீட்டுவதற்குள் எழுந்து நின்றுவிட்டார். என் முழங்கையை இறுகப் பிடித்திருந்தார், கை நடுங்கியது, முடியும்வரை உட்காரவில்லை. அப்புறம் யோமென் காவலர்கள் வந்து கூட்டத்தைப் பிரித்து வழிகள் அமைத்தார்கள். மன்னர் ஒரு வழியில், மற்ற அரச குடும்பத்தார் வேறு வழிகளில். யாரோடு பேசுவது என்று உதவியாளர்கள் முன்னால் போய் ஆங்காங்கே சிலரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரிய பதவியில் இருப்பவருக்கு முன்னுரிமை என்று எதுவும் இல்லை. மன்னர் எங்களிடமிருந்து நாற்பது அடி தள்ளிப் போனார். எங்களிடம் வரவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், அவருக்காக.

ஆனால் ஒரு யோமென் காவலர் வந்தார். சிவப்பும் பொன்னும் கலந்த டியூடர் காலத்து உடை, கழுத்தில் வெள்ளைச் சுருக்கு, கையில் ஈட்டி. ஏழாம் ஹென்றி 1485 இல் அமைத்த படை அது. லண்டன் கோபுரக் கோட்டையில் நிற்பவர்கள் வேறு, இவர்கள் வேறு. இதில் சேர்வதற்கே குறைந்தது 22 ஆண்டு ராணுவத்தில் இருந்திருக்க வேண்டும், அதனால் எல்லோருமே நம்மைப் போன்ற முன்னாள் சிப்பாய்கள்தான். அவர் பெரியவரின் பிளேசர் சின்னத்தைப் பார்த்துவிட்டு, குனிந்து, எந்த ரெஜிமென்ட், எந்த ஆண்டு என்று கேட்டார். இவர் சொன்னார். அவர் நிமிர்ந்து நின்று, நன்றி என்றார். நீங்கள் முன்னால் நடந்த பாதையில்தான் நாங்கள் நடந்தோம் என்கிற மாதிரி ஏதோ சொன்னார், இசைச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. பட்டாளத்து அண்ணா, நீங்கள் சொன்ன சல்யூட் இதுதான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

இனித்தான் நான் எழுதத் தயங்கியது.

தேநீர்க் கூடாரத்தில் கோப்பை நிற்பதற்கும் இடம் விட்டுச் செய்த தட்டில் நான்கைந்து சாண்ட்விச், கேக் எல்லாம் வைத்து வாங்கி வந்தேன். ஒரு மர நிழலில் உட்கார்ந்தோம். அவர் ஒரு வெள்ளரிக்காய் சாண்ட்விச்சைக் கையில் எடுத்தார், சாப்பிடவில்லை. சுற்றிலும் தட்டுத் தட்டாக ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அப்புறம் பேச ஆரம்பித்தார்.

பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்து வாசலில் அவருக்குக் காவல் வேலை. காட்டுக்குள் இருக்கும் போராளிகளுக்குச் சாப்பாடு போகக் கூடாது என்பது உத்தரவு. விடியும் முன் பால்மரம் சீவப் போகும் ஆட்களை வாசலில் நிறுத்திப் போலீசார் சோதிப்பார்கள். மதியச் சாப்பாடு எடுத்துப் போகக் கூடாது. எடுத்து வந்திருந்தால் ஒரு பீப்பாயில் கொட்டிவிடுவார்கள். இவர் துப்பாக்கியோடு பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒருநாள் ஒரு பெண். என்ன வயது என்று சொல்லத் தெரியவில்லை, தன் அம்மாவைவிட இளையவள் என்றார். அவள் தூக்குச் சட்டியைத் திறந்து போலீசாரிடம் காட்டவில்லை, நேராக இவரிடம் கொண்டுவந்து காட்டினாள். ஒரு வார்த்தை சொன்னாள். இவர் ஒன்றும் செய்யவில்லை. சட்டியைக் கொட்டிவிட்டார்கள். அவள் காலிச் சட்டியோடு வேலைக்குப் போனாள்.

அந்த வார்த்தையை அவர் எழுபது ஆண்டாக நினைவில் வைத்திருக்கிறார். தன்னைத் திட்டியது, சாபம் விட்டது என்றே நினைத்திருக்கிறார். அர்த்தம் என்ன என்று என்னிடம் கேட்டார். 'தம்பிசோறுதான்' என்றார். ஒரே வார்த்தையாக, உச்சரிப்புக்கூட அதிகம் கெடாமல்.

எனக்குக் கொஞ்ச நேரம் குரல் வரவில்லை. அது மூன்று வார்த்தை, திட்டு இல்லை என்று சொன்னேன். தம்பி என்றால் என்ன, சோறு என்றால் என்ன என்று சொன்னேன். வெறும் சோறுதானே தம்பி, வேறு ஒன்றும் இல்லையே என்று உங்களிடம் சொல்லியிருக்கிறாள் என்றேன்.

அவர் சாண்ட்விச்சைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டார். நெடுநேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசன் அண்ணா, நீங்கள் எழுதியதை நான் அவருக்கு முன்னமே சொல்லவில்லை. அன்று ரயிலில் திரும்பும்போது சொன்னேன். கணபதி பெயரையும், பத்தாங் காலியையும். பத்தாங் காலி அவருக்குத் தெரிந்திருந்தது. கணபதி யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

#13 ஹாரோ மங்கை

படித்துவிட்டு அழுதேன். வேறு எழுதத் தெரியவில்லை.

#14 பழைய பட்டாளத்தான்

நானும் வடகிழக்கில் செக்போஸ்ட்டில் நின்றிருக்கிறேன் தங்கச்சி. பை திறந்து காட்டிய அம்மாக்கள் முகம் சில எனக்கும் நினைவிருக்கிறது. அவர்கள் பேசிய பாஷை எனக்குத் தெரியாது. பெரியவரிடம் என் வணக்கத்தைச் சொல்.

#15 ஈப்போ வாசன்

இரண்டு நாளாக இதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

என் பாட்டி அந்த வாசலைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். எந்தத் தோட்டத்து வாசலாக இருந்தாலும் ஒன்றுதான், எல்லா இடத்திலும் அதே சட்டம். பசியோடு மரம் சீவி, பால் வாளி தூக்கி, மதியத்துக்கு மேல் லயத்துக்குத் திரும்பும்போது கண் இருட்டுமாம். வயிற்றில் என் சித்தப்பா இருந்த காலம். பிறந்தபோது ரொம்பச் சின்ன பிள்ளையாக இருந்தார் என்பார்.

ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளைக்காரனை எங்கள் பாட்டிமார் 'தொரை' என்றுதான் கூப்பிடுவார்கள். பத்து வயது வெள்ளைக்காரப் பிள்ளையும் 'சின்னத் தொரை'தான். தம்பி என்று எவளும் கூப்பிட மாட்டாள், அதற்குத் துணிச்சல் வேண்டும். அந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்திருக்கிறாள். துப்பாக்கியைப் பார்க்கவில்லை. இதை அவருக்குச் சொல்லுங்கள்.

அந்த ஆட்சிமீதும் அந்தச் சட்டத்தின்மீதும் எனக்குக் கோபம் அப்படியே இருக்கிறது. அதில் மாற்றம் இல்லை. ஆனால் அவருடைய நண்பர் இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார் என்று முன்பு எழுதியிருந்தீர்களே, எந்த ஊரில்?

#16 உறையூர்க்காரி

நேற்று மாலை போய், நீங்கள் 'தொரை' பற்றி எழுதியதை அவருக்கு வரிவரியாகச் சொன்னேன். அந்தச் சொல் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. தோட்டத்தில் எல்லோரும் தன்னை அப்படித்தான் அழைத்தார்கள் என்றார். அப்போதுதான் வித்தியாசம் அவருக்கு உறைத்தது. இரண்டு சொல்லையும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

நண்பரின் கல்லறை பத்து காஜாவில், 'கடவுளின் சிறு நிலம்' என்று பெயர் வைத்த கல்லறைத் தோட்டத்தில். அவருக்கு அங்கே போகும் வாய்ப்பே அமையவில்லை.

#17 ஈப்போ வாசன்

எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம். தோட்டத் துரைமார்களும் சிப்பாய்களும் நூற்றுக்கு மேற்பட்டோர் அங்கே இருக்கிறார்கள், ஜூன் மாதம் நினைவு வழிபாடு நடக்கும். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி. பெயரை அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் படம் எடுத்து அனுப்புகிறேன். பூ ஏதாவது வைக்க வேண்டுமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

#18 உறையூர்க்காரி

பெயரும் ரெஜிமென்ட்டும் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன். பூவுக்குக் கேட்டேன். ரோஜா வேண்டாமாம், அங்கே கிடைக்கும் பூ எதுவானாலும் சரியாம். கல்லில் வயது போட்டிருந்தால் அது தெரியும்படி படம் எடுக்கச் சொன்னார்.